கிருமியைத் தேடும் முன் தேதியைப் பாருங்கள்

பன்றிக் கொட்டிலைக் காலையில் கழுவ வருபவரின் கண்ணில்தான் அது முதலில் படும். சினை ஊசி போட்டு 18 நாள் ஆன இளம் பெண் பன்றி எழுந்து நகர்ந்த இடத்தில், சிமெண்டுத் தரையில், உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் கலந்த வெள்ளைத் திரவம் கிடக்கிறது. தொட்டால் பிசுபிசுக்கிறது, வாடையும் அடிக்கிறது. வாலுக்குக் கீழே மயிரில் அதே திரவம் காய்ந்து ஒட்டியிருக்கிறது. பன்றிக்குக் காய்ச்சல் இல்லை. தீனியிலும் குறை வைக்கவில்லை. மூன்று நாள் கழித்து அது மறுபடியும் பருவத்துக்கு வருகிறது. சினை நிற்கவில்லை என்பது அப்போதுதான் உறுதியாகிறது.

அடுத்து நடப்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். ஆன்டிபயாட்டிக் போடுகிறார்கள். அடுத்த பருவத்தில் மறுபடி சினை ஊசி, 18-ஆம் நாள் மறுபடி வெள்ளை. இரண்டு முறை தவறிய பன்றியை மூன்றாம் முறையும் வைத்துப் பார்ப்பது எந்தப் பண்ணைக்கும் கட்டுப்படியாகாது. ஒரு குட்டிகூட ஈனாமல், மாதக்கணக்கில் தின்ற தீனியோடு அது இறைச்சிக்குப் போய்விடும். பெரிய வணிகப் பண்ணைகள் ஆண்டுதோறும் தங்கள் தாய்ப்பன்றிகளில் கிட்டத்தட்டப் பாதியைக் கழித்துவிட்டு இளம் பன்றிகளைச் சேர்க்கின்றன. வயது குறைந்த பன்றிகள் கழிக்கப்படுவதற்கான காரணங்களில் முதலிடத்தில் நிற்பது சினை பிடிக்காமைதான். கால் ஊனம்கூட அதற்குப் பிறகுதான் வருகிறது.

இந்த வெள்ளைக்குக் காரணம் கருப்பை அழற்சி என்றதும் மனம் கிருமியைத் தேடிப் போகிறது. கிருமி இருப்பது உண்மை. ஆனால் அந்தக் கிருமி, அதே கொட்டிலில் சினை பிடித்து நிற்கும் மற்றப் பன்றிகளின் சாணத்திலும் தோலிலும் இருப்பதுதான். இந்தப் பன்றியின் கருப்பையில் மட்டும் அது ஏன் தங்கியது? கிருமியின் பெயரைத் தெரிந்துகொண்டால் இதற்கு விடை கிடைத்துவிடாது. அது உள்ளே போன நாளையும், அன்றைக்குச் சினைப்பையில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். இளம் பன்றியின் கருப்பை நலத்தை முதலில் நாள்கணக்காகவும், அதற்குப் பிறகே நோய்க்கணக்காகவும் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

தரையில் கிடக்கும் வெள்ளையையே நாள் பார்த்துத்தான் படிக்க முடியும். பருவத்தின்போது தெளிந்த வழும்பு கொஞ்சம் வடிவது இயல்பு. சினை சேர்ந்த மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ வெள்ளையாக வந்தால், விந்தோடு போன கூழ்ப்பொருளும் கருப்பை வெளியே தள்ளும் வெள்ளணுக்களும்தான் அவை. அதற்கு மருந்து வேண்டாம். காய்ந்தபின் மணல்மணலாக உதிர்ந்தால் அது சிறுநீரில் வந்த உப்பாக இருக்கலாம். சிறுநீர் கழித்து முடிக்கும் தருணத்தில் சீழ் வந்தால் சிறுநீர்ப்பையைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கு நாள்கணக்கு கிடையாது, எப்போதும் வரும். சினை சேர்ந்த 14-ஆம் நாளிலிருந்து 21-ஆம் நாளுக்குள் கெட்டியாக, வாடையோடு வருவதே கருப்பையைக் காட்டுகிறது. அது ஏன் இந்த ஒரு வாரத்தில் மட்டும் வெளிப்படுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றவை எல்லாம் விளங்கிவிடும்.

பன்றியின் கருப்பைக்கு நடு உடல் சில சென்டிமீட்டர்தான். அங்கிருந்து இரண்டு கொம்புகள் மடங்கி மடங்கி நீள்கின்றன. பருவமடைந்த பன்றியில் ஒவ்வொரு கொம்பையும் நேராக நீட்டினால் ஒரு மீட்டரை எட்டக்கூடும். பருவமடையாத குட்டியில் அதே கொம்பு மெல்லிய, வெளிறிய நாடா. நல்ல நிலையில் உள்ள கொம்பை நீளவாக்கில் கத்தரித்துத் திறந்தால், உள்ளே இளஞ்சிவப்பு மடிப்புகள் ஈரமாகப் பளபளக்கும். அழற்சி முற்றிய கொம்பில் சுவர் தடித்து, மடிப்புகள் கருஞ்சிவப்பாகி, இடுக்குகளில் சீழ் தேங்கியிருக்கும். பல நேரங்களில் கண்ணுக்கு எதுவுமே தெரியாது. சுவரில் ஒரு சிறு துண்டை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால்தான் வெள்ளணுக்கள் குவிந்திருப்பது தெரியும். வெளியே ஒழுக்கு வராத அழற்சிகளும் உண்டு என்பதால், தரையைப் பார்த்து மட்டும் எண்ணிக்கை சொல்லிவிட முடியாது.

கருப்பையின் வாசலில் இருப்பது கழுத்து. இரண்டு கைகளின் விரல்களைக் கோத்துக்கொண்டது போல், மேலும் கீழுமாக உள்ள தசைப் புடைப்புகள் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தி அங்கே வழியை அடைக்கின்றன. ஆண் பன்றியின் குறி நுனி திருகு வடிவம் கொண்டது. அது இந்தப் புடைப்புகளுக்குள் சுழன்று பூட்டிக்கொள்ள, விந்து யோனியில் விழாமல் நேரே கருப்பைக்குள் போகிறது. ஒரு தடவைக்கு 200 மில்லிலிட்டருக்கும் அதிகமாகவே போகும். சினை ஊசிக் குழாய்களில் ஒரு வகைக்கும் அதே திருகு நுனிதான், இடப்புறமாகச் சுழற்றித்தான் செலுத்த வேண்டும். மாடு இணையும்போது விந்து யோனியோடு நின்றுவிடுகிறது. பன்றியில் கடைசிக் கதவையும் கடந்து, விந்தோடு வந்த கிருமிகளையும் சேர்த்தே உள்ளே கொட்டுகிறது. அப்படியானால் இணைசேரும் பன்றிகள் எல்லாவற்றுக்கும் கருப்பை அழற்சி வந்தாக வேண்டும் அல்லவா?

வரத்தான் செய்கிறது. நல்ல சினைக்கு முதல் படியே ஓர் அழற்சிதான்.

விந்து உள்ளே போன சில மணி நேரத்தில் இரத்தத்திலிருந்து நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் கருப்பைச் சுவரைக் கடந்து உள்ளே இறங்குகின்றன. கிருமியே இல்லாத சுத்தமான விந்தைச் செலுத்தினாலும் இறங்குகின்றன, ஏனென்றால் விந்தணுக்களே பன்றியின் உடலுக்கு அந்நியப் பொருள்கள். நல்ல விந்தணுக்கள் அதற்குள் கொம்பின் நுனிக்குப் போய், கருக்குழாய் தொடங்கும் இடத்தில் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். கோடிக்கணக்கில் போனவற்றில் அங்கே தங்குவது மிகச் சிறு பங்கு மட்டுமே. பின்தங்கியவை, செத்தவை, கூடவே வந்த பாக்டீரியாக்கள் எல்லாவற்றையும் நியூட்ரோஃபில்கள் விழுங்குகின்றன. மிச்சத்தைக் கருப்பையின் சுருக்கங்கள் வெளியே தள்ளுகின்றன. ஒன்றிரண்டு நாளில் எல்லாம் அடங்கி, கரு இறங்கி வரும் நேரத்தில் கருப்பை துப்புரவாக இருக்கும். இந்தச் சிறு கொந்தளிப்பைக் கட்டுக்குள் வைக்க விந்துத் திரவத்திலேயே சில பொருள்கள் உள்ளன. கருவை ஏற்கும் விதத்தில் கருப்பையின் எதிர்ப்பாற்றலைப் பதப்படுத்துவதும் அவைதான் என்று ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் நடந்த ஆய்வுகள் காட்டின.

இந்தத் துப்புரவு முழுவதும் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனின் ஆட்சியில் நடக்கிறது. பன்றியின் பருவச் சுழற்சி 21 நாள். அதில் இரண்டு மூன்று நாள்தான் சினைப்பருவம். அந்த நாட்களில் ஈஸ்ட்ரோஜன் ஓங்கியிருக்கும். கருப்பைக்கு இரத்தம் பாயும், கழுத்து இளகும், தசை சுருங்கி விரியும், வெள்ளணுக்கள் விரைந்து வரும். முட்டைகள் வெளியேறிய பிறகு சினைப்பையில் அவை இருந்த இடங்கள் கார்பஸ் லூட்டியம் என்னும் மஞ்சள் உடலங்களாக மாறி, புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோனைச் சுரக்கத் தொடங்கும். கருவைக் காப்பது இதன் வேலை என்பதால் இது எல்லாவற்றையும் நேர்மாறாகச் செய்கிறது. கழுத்து இறுகி மூடுகிறது. சுருக்கம் நிற்கிறது. வந்திருக்கும் கரு அந்நியப் பொருள் என்பதற்காக உடல் அதைத் தாக்கிவிடக் கூடாது என்று எதிர்ப்பாற்றலும் தணிக்கப்படுகிறது. அந்தத் தணிவு கருவுக்குப் பாதுகாப்பு. அதே நேரத்தில் உள்ளே ஒரு பாக்டீரியா இருந்தால் அதற்கும் அதே பாதுகாப்பு கிடைத்துவிடும்.

பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் 1990-களில் இதைச் சோதித்தார்கள். சுழற்சியின் வெவ்வேறு கட்டங்களில் பன்றிகளின் கருப்பைக்குள் ஈ. கோலை பாக்டீரியாவைச் செலுத்திப் பார்த்தபோது, பருவத்தின் உச்சத்தில் இருந்த கருப்பை அதைச் சமாளித்தது. புரோஜெஸ்டிரோன் ஏறத் தொடங்கிய கருப்பை திணறியது. கிருமி ஒன்றே, நாள்தான் வேறு.

இங்கேதான் இளம் பன்றிகளின் சிக்கல் தொடங்குகிறது. பருவம் நீடிக்கும் காலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கழிந்த பிறகு முட்டைகள் வெளியேறும். அதற்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள் விந்து உள்ளே இருக்க வேண்டும். குட்டி ஈன்று பழகிய தாய்ப்பன்றிக்குப் பருவம் இரண்டு மூன்று நாள் நீடிப்பதால் கொஞ்சம் முன்பின் ஆனாலும் தப்பித்துக்கொள்ளலாம். முதல்முறைப் பன்றிக்குப் பருவம் பெரும்பாலும் அதைவிடக் குறுகியது. காலையில் கவனித்து, விந்துக்குச் சொல்லியனுப்பி, மறுநாள் மாலை ஊசி போடும்போது முட்டைகள் வெளியேறிப் பல மணி நேரம் ஆகியிருக்கும். 'எதற்கும் இருக்கட்டும்' என்று மூன்றாம் நாள் போடும் கூடுதல் ஊசி இன்னும் கெடுதல். பன்றி அசையாமல் நிற்க மறுக்கும்போதும் பிடித்து வைத்துப் போடுவார்கள். அந்த ஊசி சினைக்கு உதவாது, மூடிக்கொண்டிருக்கும் கருப்பைக்குள் கிருமியை வைத்துத் தைப்பதற்குத்தான் உதவும்.

பருவத்தைச் சரியாகப் பிடிப்பது ஒரு கைத்தொழில், அதை அவசரத்தில் செய்ய முடியாது. ஆண் பன்றியை இளம் பன்றிக்கு எதிரே, மூக்கோடு மூக்கு படும்படி நிறுத்த வேண்டும். ஆண் பன்றியின் எச்சில் நுரையில் உள்ள ஆண்ட்ரோஸ்டீனோன் என்னும் பொருளின் வாடை பெண் பன்றியை உறைந்து நிற்க வைக்கும். அந்த நிமிடத்தில் விலாவைத் தடவி, முதுகை உள்ளங்கையால் அழுத்தினால், பருவத்தில் இருக்கும் பன்றி நான்கு காலையும் ஊன்றிக் காதை விறைத்து அப்படியே நிற்கும். இதை ஒரு நாளைக்கு இரண்டு வேளை பார்க்க வேண்டும். ஆண் பன்றியை வெகுநேரம் எதிரே வைத்திருந்தால் இளம் பன்றி அலுத்துப்போய் நிற்பதை விட்டுவிடும், பருவம் இல்லை என்று நாம் எழுதிவிடுவோம். பருவத்துக்கே வராதவை என்று கழிக்கப்பட்ட பன்றிகளின் சினைப்பைகளை இறைச்சிக்கூடங்களில் பரிசோதித்தவர்கள், அவற்றில் பலவற்றில் மஞ்சள் உடலங்களைக் கண்டிருக்கிறார்கள். அந்தப் பன்றிகள் பருவத்துக்கு வந்தவைதான். ஆட்கள் கவனிக்கவில்லை.

தாமதமான ஊசியோடு உள்ளே போன பாக்டீரியா புரோஜெஸ்டிரோனின் நிழலில் இரண்டு வாரம் சத்தமில்லாமல் வளர்கிறது. கழுத்து மூடியிருப்பதால் வெளியே சொட்டு வராது. சினை இல்லை என்றால் 15-ஆம் நாள் வாக்கில் கருப்பைச் சுவர் புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருளைச் சுரந்து மஞ்சள் உடலங்களைக் கரைக்கிறது. புரோஜெஸ்டிரோன் விழுந்து ஈஸ்ட்ரோஜன் ஏறுகிறது, கழுத்து திறக்கிறது, சுருக்கம் தொடங்குகிறது. தேங்கிய சீழ் கொட்டிலின் தரைக்கு வருகிறது. நாம் பார்ப்பது நோயின் தொடக்கம் என்று நினைக்கிறோம். உண்மையில் கருப்பை தன்னைத்தானே கழுவத் தொடங்கிய நாள் அது. நோய் தொடங்கியது இரண்டரை வாரத்துக்கு முன்னால்.

உள்ளே தங்கும் பாக்டீரியாக்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: ஈ. கோலை, ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஸ்டஃபைலோகாக்கஸ், க்ளெப்சியெல்லா, ட்ரூபெரெல்லா பையோஜீன்ஸ். எல்லாம் சாணத்திலும் தோலிலும் வாழ்பவை. இடம் கிடைத்தால் நுழையும், நுழைவதற்கென்றே பிறந்தவை அல்ல. ஈரத் தரையில் சாணத்தின் மேல் உட்காரும் பன்றிக்குப் பிறப்புறுப்பின் வாயில் எப்போதும் இவை இருக்கும். ஆண் பன்றியின் குறிக்கு மேல் ஒரு தோல் பை உண்டு. அதில் பழைய சிறுநீரும் கசடும் தேங்கி நாறும். விந்து எடுக்கும் முன் அதை அழுத்திக் காலி செய்து, மயிரைக் கத்தரித்துத் துடைக்காவிட்டால் அத்தனையும் விந்தில் கலந்துவிடும். சினை ஊசி போடும் முன் பிறப்புறுப்பைக் காய்ந்த காகிதத்தால் துடைத்தால் போதும். வாளித் தண்ணீரால் அடித்துக் கழுவினால் அழுக்கு உள்ளே ஓடும். இளம் பன்றியின் கழுத்து குறுகலானது என்பதால் அதற்குச் சிறிய நுனிக் குழாய் வேண்டும். தாய்ப்பன்றிக்கான குழாயை வலிந்து திணித்தால் கீறும், கீறிய இடம் கிருமிக்கு வாசல்.

சிகிச்சையில் நம் பழக்கம் மாட்டிலிருந்து வந்தது. பன்றிக்கு அது அப்படியே பொருந்தாது. பசுவின் கருப்பைக் கழுத்தை மலக்குடல் வழியே கையால் பிடித்துக் குழாய் செலுத்தி மருந்து விடலாம். இளம் பன்றியில் பருவம் இல்லாத நாட்களில் அந்தக் கோத்த விரல்களைக் கடக்க முடியாது. பசுவுக்குப் பருவம் முடிந்து ஐந்தாறு நாளில் புரோஸ்டாகிளாண்டின் ஊசி போட்டால் மஞ்சள் உடலம் கரைந்து, கழுத்து திறந்து, சீழ் வெளியேறும். பன்றியின் மஞ்சள் உடலங்கள் ஏறத்தாழ 12-ஆம் நாள் வரை அந்த ஒற்றை ஊசிக்கு மசியாது. தேதி பார்க்காமல் போட்ட ஊசி வீண். ஆன்டிபயாட்டிக் தேவைப்படும் இடம் உண்டு. எந்தக் கிருமி, எதற்குக் கேட்கும் என்று ஆய்வகத்தில் பார்த்துவிட்டுக் கொடுப்பது வேறு, வெள்ளையைக் கண்டதும் கைக்குக் கிடைத்ததைக் குத்துவது வேறு. மனிதர்களுக்குக் கடைசி நம்பிக்கையாக வைத்திருக்கும் கொலிஸ்டினைக் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் பயன்படுத்துவதை இந்தியா 2019-ல் தடை செய்ததை இங்கே நினைவில் வைக்க வேண்டும். ஒழுக்கு கண்ட இளம் பன்றிக்கு வரும் பருவத்தில் சினை ஊசி போடாமல் விட்டுவிட்டால், ஈஸ்ட்ரோஜன் தன் வேலையைச் செய்ய ஒரு முழு வாய்ப்பு கிடைக்கும். 21 நாள் தீனிச் செலவு அதற்கு விலை. அடுத்த முறையும் ஒழுக்கு வந்தால் கழித்துவிடுவதுதான் முறை.

சினை கெடுவதற்குக் கருப்பை அழற்சி ஒன்றே காரணம் இல்லை. பார்வோ வைரஸ் இளம் பன்றியின் கருக்களை ஒவ்வொன்றாகக் கொன்று, வெவ்வேறு அளவில் காய்ந்து கறுத்த குட்டிகளாக வெளியே அனுப்பும், தாய்க்கு ஒரு தும்மல்கூட இருக்காது. லெப்டோஸ்பைரா, புரூசெல்லா இரண்டும் சினையைக் கலைக்கும், பராமரிப்பவருக்கும் தொற்றும். இவை ஒவ்வொன்றும் தனிக் கட்டுரைக்குரியவை.

இனி, கிருமியே இல்லாத ஒரு சிவப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

1920-களில் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்து விவசாயிகள் விசித்திரமான ஒன்றைக் கண்டார்கள். மூன்று நான்கு மாதமே ஆன பெண் குட்டிகளுக்குப் பிறப்புறுப்பு வீங்கிச் சிவந்து, பருவத்துக்கு வந்த பெரிய பன்றிகளைப் போல் இருந்தது. மடிக்காம்புகள் புடைத்தன. சில குட்டிகள் முக்கி முக்கி யோனியையும் ஆசனவாயையும் வெளியே தள்ளின. தொற்றுநோய்போல் ஒரே கொட்டிலில் பல குட்டிகளுக்கு ஒன்றாக வந்தது, ஆனால் கொட்டில் விட்டுக் கொட்டில் பரவவில்லை. மக்நட், பர்வின், மர்ரே என்ற மூவர் 1928-ல் இதை ஆராய்ந்து, பூசணம் பிடித்த மக்காச்சோளத்தோடு இணைத்து எழுதினார்கள். தீனியை மாற்றினால் வீக்கம் வடிந்தது.

பூசணத்தில் இருந்தது என்ன என்று தெரிய முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1962-ல் பர்டியூ பல்கலைக்கழகத்தின் ஸ்டாபும் அவருடைய சகாக்களும் ஃபுசேரியம் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்திலிருந்து, கருப்பையை வளரச் செய்யும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். 1966-ல் அதன் அமைப்பு தெளிவாகி, ஸியாரலெனோன் என்ற பெயர் பெற்றது. அது ஸ்டீராய்டு இல்லை, பார்வைக்கு ஈஸ்ட்ரோஜனோடு எந்த உறவும் இல்லை. ஆனாலும் மூலக்கூறு மடங்கி நிற்கும் வடிவத்தில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியில் கச்சிதமாகப் பொருந்திவிடுகிறது. சினைப்பை இன்னும் விழிக்காத குட்டியின் உடலுக்குப் பூஞ்சை வெளியிலிருந்து ஒரு பருவத்தைப் புகட்டுகிறது. குட்டியின் கருப்பையைத் திறந்தால் வெளிறிய நாடா இருக்க வேண்டிய இடத்தில் நீர்கோத்துத் தடித்த கொம்பு இருக்கும். அழற்சி என்றே தோன்றும். ஆன்டிபயாட்டிக் எத்தனை கொடுத்தாலும் அது வற்றாது.

இந்த நஞ்சுக்குக் கோழி பெரிதாக அசைவதில்லை. பன்றி, அதிலும் இளம் பெண் பன்றி, மிகவும் அசைகிறது. காரணம் ஈரலில் இருக்கிறது. ஸியாரலெனோனைப் பன்றியின் ஈரல் பெரும்பாலும் ஆல்ஃபா-ஸியாரலெனால் என்ற பொருளாக மாற்றுகிறது. ஈஸ்ட்ரோஜன் வேலையில் இது மூல நஞ்சைவிடப் பல மடங்கு வலியது. கோழியின் ஈரல் மாற்றுவது பெரும்பாலும் வலுவற்ற பீட்டா வடிவமாக. மேலும், பன்றியில் இந்தப் பொருள் பித்தத்தோடு குடலுக்கு இறங்கி, குடலிலிருந்து மறுபடி இரத்தத்துக்கு ஏறி, நாள்கணக்கில் உடலுக்குள்ளேயே சுற்றுகிறது. நஞ்சை முறிக்க வேண்டிய உறுப்பே அதைக் கூராக்கி, வெளியேறவும் விடாமல் வைத்திருக்கிறது.

பருவமடைந்த பன்றியில் இதே நஞ்சு வேறொரு விளையாட்டைக் காட்டுகிறது. பன்றிக் கரு, தான் வந்திருப்பதைத் தாய்க்கு அறிவிக்கும் விதம் அலாதியானது. 11, 12-ஆம் நாளில் உருண்டையாக இருக்கும் கரு சில மணி நேரத்தில் நூல்போல் நீண்டு, தானே ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கும். கருப்பை அதை உணர்ந்து, மஞ்சள் உடலத்தைக் கரைக்கும் புரோஸ்டாகிளாண்டினை இரத்தத்துக்கு அனுப்பாமல் தன் உட்குழிக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். இரண்டு கொம்புகளிலுமாக நான்கு கருவாவது இருந்தால்தான் அந்தச் சொல் தாய்க்குக் கேட்கும், அதற்குக் குறைந்தால் சினை நிற்பது அரிது. இப்போது கருவே இல்லாத பன்றி, அதே நாட்களில் பூசண மக்காச்சோளத்தைத் தின்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பூஞ்சையின் பொய் ஈஸ்ட்ரோஜனைக் கருப்பை கருவின் குரல் என்று எடுத்துக்கொள்ளும். மஞ்சள் உடலம் கரையாது, பருவம் திரும்பாது. சினை பிடித்துவிட்டது என்று பண்ணையாளர் தனிக் கொட்டிலுக்கு மாற்றி, நாளை எண்ணிக்கொண்டிருப்பார். 114 நாள் கடந்தும் குட்டி வராது. நான் படித்த கால்நடை உடலியலில் இதைவிடத் துல்லியமான ஏமாற்றை வேறெங்கும் கண்டதில்லை.

பூசணத்தைக் கண்ணால் பிடிக்கலாமா? ஓரளவுதான். ஃபுசேரியம் பிடித்த மக்காச்சோளக் கதிரில் நுனியிலிருந்து தொடங்கி இளஞ்சிவப்பும் செம்மையுமாக ஒரு படலம் கீழே இறங்கும். பூக்கும் காலத்தில் குளிரும் மழையும் சேர்ந்தால் பிடிக்கும், அறுவடைக்குப் பின் ஈரம் காயாமல் குவித்தால் வளரும். ஆனால் உடைத்து அரைத்த தீனியில் நிறம் தெரியாது. பூஞ்சை செத்துப்போன பிறகும் நஞ்சு அப்படியே இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2006-ல் வகுத்த வழிகாட்டு அளவின்படி, குட்டிகளுக்கும் இளம் பெண் பன்றிகளுக்கும் தரும் முழுத்தீனியில் ஒரு கிலோவுக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அதாவது ஒரு கோடியில் ஒரு பங்கு. தாய்ப்பன்றிகளுக்கும் இறைச்சிக்கு வளர்ப்பவற்றுக்கும் 0.25 வரை விட்டிருக்கிறார்கள். வயது குறைந்ததற்கே கடும் கட்டுப்பாடு என்பதைக் கவனியுங்கள். நம் ஊரில் பழக்கம் இதற்கு நேர் எதிர். நல்ல தீனியைப் பால் கொடுக்கும் தாய்க்கு ஒதுக்கிவிட்டு, மூட்டை அடியில் மிஞ்சியதை இளசுகளுக்குக் கொட்டுவது வழக்கம்.

தமிழ்நாட்டுப் பண்ணைகளில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. இங்கே ஏராளமான பன்றிகள் ஓட்டல் கழிவில் வளர்கின்றன. வெள்ளை யார்க்‌ஷயர் கலப்பில் காட்டுப்பாக்கம் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய டானுவாஸ் கேபிஎம் கோல்டு போன்ற நல்ல இனங்களும் அதே தொட்டியில்தான் வாய் வைக்கின்றன. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020-ல் இந்தியாவுக்குள் நுழைந்த பிறகு, கழிவைக் கொதிக்க வைத்துத்தான் போட வேண்டும் என்ற அறிவுரை வலுத்திருக்கிறது. அது மிகவும் சரி, வைரஸ் சாகும். ஆனால் பூசணம் பிடித்த ரொட்டியையும் மாவையும் சேர்த்துக் கொதிக்க வைத்தால் ஸியாரலெனோன் சாகாது. வெப்பம் அதை அசைப்பதில்லை. தீனியில் கலக்கும் களிமண் வகைப் பொருள்கள் அஃப்ளாடாக்சின் என்னும் வேறொரு பூஞ்சை நஞ்சை நன்றாகப் பிடித்துக்கொள்ளும், ஸியாரலெனோனைப் பிடிப்பதில் சுமார்தான். பூசணம் கண்ட தீனியைச் சினைக்கென்று வைத்திருக்கும் பெண் பன்றிகளுக்குப் போடாமல் ஒதுக்குவது ஒன்றே நம்பகமான வழி. ஒதுக்கிய பிறகு குட்டிகளின் வீக்கம் சில நாளிலிருந்து சில வாரங்களுக்குள் வற்றும், பெரும்பாலானவை பின்னர் முறையாகப் பருவத்துக்கு வரும். சினையில்லாமலே சினை என்று நிற்கும் பெரிய பன்றிகளுக்குப் புரோஸ்டாகிளாண்டின் ஊசி இந்த இடத்தில் பலன் தரும், ஏனெனில் அவற்றின் மஞ்சள் உடலங்கள் 12 நாள் வயதைத் தாண்டியவை. பருவமடையாத குட்டிக்கு அதே ஊசியால் ஒரு பயனும் இல்லை.

ஸ்டாப் பிரித்தெடுத்த பொருளிலிருந்து ஸெரனால் என்ற வளர்ச்சி ஊக்கி பிறந்தது. அமெரிக்காவில் 1969 முதல் மாடுகளின் காதுத் தோலுக்கடியில் பதிக்கப்படும் அதை ஐரோப்பா 1980-களில் தடை செய்தது. அந்தக் கதை தனி. நம் தட்டுக்கு வரும் தானியத்தின் கதை இன்னும் நேரடியானது. மக்காச்சோளமும் கோதுமையும் மனிதருக்கும் உணவுதான். ஒருவர் நாள்தோறும் எவ்வளவு ஸியாரலெனோனைத் தாங்கலாம் என்பதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2011-ல் மறுபரிசீலனை செய்து, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.25 மைக்ரோகிராம் என்று வரையறுத்தது. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 15 மைக்ரோகிராம். கைக்குழந்தைகளுக்கான தானிய உணவில் கிலோவுக்கு 20 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அங்கே ஏற்கெனவே சட்டம். அந்த 0.25 என்ற எண்ணை மனிதர்களிடம் சோதித்து எடுக்கவில்லை. இந்த நஞ்சை எல்லாவற்றுக்கும் முன்பே உணர்ந்து காட்டும் விலங்கு எது என்று பார்த்து, பருவமடையாத பெண் பன்றிகளின் உடல் எந்த அளவில் அசையத் தொடங்குகிறது என்பதிலிருந்து கணக்கிட்டார்கள்.